பட்டணம் வருகிறீர்களா? முதலில் ஒரு வாய் தண்ணீர்!

"டாக்டர், அப்பாவுக்கு ஞாபகசக்திக்கு நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க. வல்லாரை கலந்ததா இருந்தா நல்லது."

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்துக் காலை. மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற ஒரு மகன், தன் தகப்பனாரை என்னிடம் அழைத்து வந்திருந்தார். பெரியவருக்கு வயது 74. அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி. பேரப்பிள்ளைகளோடு கோடை விடுமுறையைக் கழிக்க வந்தவர். வந்து எட்டாவது நாள் பேத்தியைப் பார்த்து, இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்று பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறக்கப் போயிருக்கிறார். வீடே பயந்துவிட்டது. மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஊரில் இருந்தவரைக்கும் எப்படி இருந்தார் என்று கேட்டேன். "அங்கே கணக்கு வழக்கு எல்லாம் விரல் நுனியில் வச்சிருப்பாங்க டாக்டர்" என்றார் மகன். எட்டே நாளில் ஒரு மனிதருக்கு மறதி நோய் முற்றிவிடாது. நாக்கை நீட்டச் சொன்னேன். சுட்ட ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. நாடி மெலிந்து வேகமாக ஓடியது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்தால், ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்குகிற மாத்திரை ஒன்றும் இருந்தது. "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்?" என்றேன். மருமகள் யோசித்தார். "மாமா காபி குடிப்பாங்க. தண்ணி... கேட்டதா ஞாபகமே இல்லை டாக்டர்."

லேகியம் கொடுக்கவில்லை. அந்த நிமிஷமே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. சிறுநீரில் கிருமித் தொற்று வேறு. நாலு நாள் படுக்கையில் இருந்து தெளிவாக எழுந்து வந்தார். பேத்தியை அவள் பெயராலேயே கூப்பிட்டார்.

பிறகு தனியாக உட்காரவைத்து, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி, அது மருமக புழங்குற வீடு. அர்த்த ராத்திரில எந்திரிச்சு நடமாடினா அதுக தூக்கம் கெடும்லா? பாத்ரூமுக்கு லைட்டு சுவிட்சு எங்கன இருக்குன்னே தெரியல. அந்த நாற்காலி மாதிரி இருக்கதுல உக்காந்து எனக்குப் பழக்கமும் இல்ல. அதான் சாயந்தரத்துக்கு மேல தண்ணிய நிப்பாட்டிட்டேன்."

சாயங்காலத்துக்கு மேல் நிறுத்தியது, நாளாக ஆகப் பகலிலும் குறைந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. ஊரிலிருந்து சென்னைக்கு வந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல், கடைசியில் விஷயம் இங்கேதான் வந்து நிற்கிறது. பெண்களிடம் இது இன்னும் அதிகம். வெளியே கிளம்பினால் எங்கே ஒதுங்குவது என்ற பயத்திலேயே காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். 'சென்னை ஒத்துக்கலை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

நானும் ஏமாந்தவன்தான். தொழில் தொடங்கிய புதிதில், காரைக்குடிப் பக்கமிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. வாதம் என்று பத்து நாள் தைலம் தேய்க்கச் சொன்னேன். தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. பதினோராவது நாள் அவராகவே பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

அடக்கக் கூடாத இரண்டு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம் 'பதினான்கு வேகங்கள்'. உடம்பு தானாகக் கேட்கிற பதினான்கு காரியங்களை வலிந்து அடக்கக் கூடாது என்பது சித்தர்களின் கட்டளை. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் என்று போகிற அந்த வரிசையில் நீர்வேட்கையும் உண்டு, சிறுநீரும் உண்டு. பட்டணம் இந்த இரண்டையும் சேர்த்து அடக்கவைக்கிறது. இரண்டாவதை அடக்க வேண்டுமே என்பதற்காக முதலாவதை அடக்குகிறோம்.

அதுவும் எந்த ஊரில் அடக்குகிறோம்? நெய்தல் நிலத்தில். கடலும் கடல் சார்ந்த இடமும் வாதத்தை வளர்க்கும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. ஆற்றுப் பாசனமுள்ள மருத நிலத்துக்குத்தான் நோய் குறைந்த நிலம் என்ற பெயர். தாமிரபரணிக் கரையிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சென்னை உடனே பிடிபடாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இதையே இன்றைய முறையில் சொல்கிறேன். வேலூரிலும் திருச்சியிலும் சென்னையைவிட டிகிரி கூடுதலாகவே அடிக்கும். ஆனால் அங்கே வியர்வை காயும், காயும்போது உடம்பைக் குளிர்விக்கும். சென்னையில் கடல் ஈரம் காற்றில் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். நீரும் உப்பும் போகும், உடம்பு மட்டும் குளிராது. "எங்க ஊர் வெயிலைவிடவா?" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கத்திரி வெயிலில்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 6 அன்று, புரட்டாசி மாதத்தில், மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தது. லட்சக்கணக்கில் கூட்டம். நண்பகல் வெயிலில் நின்றவர்களில் ஐந்து பேர் அன்று உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மயக்கம், நீரிழப்பு என்று சிகிச்சைக்குப் போனார்கள். பார்க்கப்போன இடம் கடற்கரை, பார்த்தது ஒரு வேடிக்கை. அவ்வளவுதான்.

இறங்கும்போதே தொடங்குங்கள்

தெற்கேயிருந்து ரயிலில் வருகிறவர்கள் எல்லாரும் எழும்பூரில்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பிள்ளை வீடு குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி என்று தெற்குப் பக்கம் இருந்தால் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். தென்மாவட்ட வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்கும். சில வண்டிகள் தாம்பரத்தோடு முடிந்தும்விடும். எழும்பூர் போய்த் திரும்பி வருவதில் மூட்டையும் கனம், நேரமும் நஷ்டம்.

அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோயம்பேட்டில் இறங்கிய பழைய ஞாபகத்தில் வராதீர்கள். வண்டலூரை ஒட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. தென்மாவட்ட விரைவு பஸ்கள் அங்கே வந்து நிற்கின்றன. அங்கிருந்து நகருக்குள் போக இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வடசென்னைக்கோ அண்ணா நகருக்கோ என்றால் மேலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது, மாநகரப் பேருந்தில் பேச்சே இல்லை. ஆகவே தாம்பரமோ எழும்பூரோ கிளாம்பாக்கமோ, இறங்கியதும் முதல் வேலை கழிப்பறை, இரண்டாவது வேலை தண்ணீர், அப்புறம்தான் வண்டி தேடுவது. அழைத்துப்போக வந்திருக்கிற மகனோ மருமகனோ இதைத் தாமாகவே சொல்ல வேண்டும். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் மாமா, அரை மணி நேரந்தான்" என்பார்கள். சென்னையில் அரை மணி நேரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீட்டில் மூன்று தண்ணீர்

சென்னையில் பல வீடுகளில் தண்ணீர் மூன்று வகையாக வருகிறது. மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். எந்தக் குழாயில் எது வருகிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். விருந்தாளிக்குத் தெரியாது. சமையலறையில் எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டு, வாஷ்பேசின் குழாயில் பிடித்துக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிய என் முதல் மாதத்தில் நானே அப்படிப் படுத்தவன்தான்.

கேன் தண்ணீராக இருந்தாலும் சீல் உடையாமல் இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேனை வெயிலில் வைக்க வேண்டாம். என் யோசனை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். ஒரு சிட்டிகை சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தால் புது ஊர்த் தண்ணீரின் ருசி உறுத்தாது, பெரியவர்கள் விரும்பிக் குடிப்பார்கள். ஊரிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவருகிற வழக்கம் வீண் சிரமம். இரண்டு நாளில் தீர்ந்துவிடும், பிறகு எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும்.

தண்ணீரை ஒரு செம்பிலோ பாட்டிலிலோ நிரப்பி, பெரியவர் உட்காருகிற இடத்தில் கைக்கெட்டுகிற மாதிரி வையுங்கள். "வேணும்னா கேளுங்க மாமா" என்றால் கேட்க மாட்டார். வயதானால் தாக உணர்ச்சியே மங்கிப்போகும் என்பதும் உண்மை. காலையில் நிரப்பியது மத்தியானம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு குடிப்பது என்று கேட்கிறீர்களா? லிட்டர் கணக்கை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல நான் தயாரில்லை. சித்த மருத்துவத்தில் 'நீர்க்குறி' என்று ஒரு சோதனை உண்டு. சிறுநீரின் நிறத்தைப் பார்த்து நோயறிவது. நீங்கள் நோயறிய வேண்டாம், நிறத்தை மட்டும் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. கடுகெண்ணெய் மாதிரி அடர்ந்து, குறைவாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது. சில மாத்திரைகள் நிறத்தை மாற்றும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் மடக்கு மடக்கென்று குடித்துத் தீர்ப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போகிறது. நடுப்பகலில் உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, கஞ்சித் தண்ணீர் நல்லது. நன்னாரி சர்பத் குடிக்கலாம், சர்க்கரை நோயாளிகள் தவிர. இளநீர் எல்லாருக்கும் அமிர்தம் என்று நினைக்கிறோம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது ஆகாது, அதிலிருக்கிற பொட்டாசியம் அவர்கள் உடம்பில் தேங்கிவிடும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன அளவுதான் உங்கள் அளவு. சென்னைக்குக் கிளம்பும் முன் அவரிடமே, "அங்கே வியர்க்குமே, மாத்திரையை அப்படியே சாப்பிடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. 'நீர் நன்றாகப் பிரியட்டும்' என்று நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி என்று குடிநீர் போட்டுக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வைத்தியத்தில் உள்ள மருந்துகள்தான், ஆனாலும் சொல்கிறேன். இவை நீரைப் பெருக்குகிற மூலிகைகள். உள்ளே தண்ணீர் இல்லாதவருக்கு இவற்றைக் கொடுப்பது காய்ந்த கிணற்றில் மோட்டார் போடுகிற கதை.

இனி அந்தக் கூச்சம். அதற்கு மருந்து மருந்துக்கடையில் கிடைக்காது. பெரியவர்கள் வந்த முதல் நாளே, மகனோ பேரனோ கூடவே போய்க் கழிப்பறையைக் காட்டிக் கொடுங்கள். சுவிட்ச் எங்கே, தாழ்ப்பாள் எப்படி, தண்ணீர் எப்படித் திறப்பது, எல்லாவற்றையும். ஒரு வாளியும் மக்கும் வையுங்கள். பீய்ச்சியடிக்கிற பைப்பைக் கண்டு பயப்படுகிற பெரியவர்கள் நிறைய. தரையில் வழுக்காத விரிப்பு, போகிற வழியில் ராத்திரி முழுவதும் எரிகிற ஒரு ஜீரோ வாட் பல்பு. மேடவாக்கம் வீட்டில் இவ்வளவும் செய்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்தார்கள். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை என்று மகன் சொன்னார். ஹாலில் படுத்திருந்த பேத்தியை உள்ளறைக்கு மாற்றினார்கள். தாத்தாவுக்கு அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஊர் சுற்றப் போகும்போது

காலை பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை பெரியவர்களையும் குழந்தைகளையும் வெளியே இழுக்காதீர்கள். கோடையில் கடற்காற்று உள்ளே வரும்வரை வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். சில நாள் அது நண்பகலிலேயே வரும், சில நாள் வெகு தாமதமாகும். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் தொட்ட நகரம் இது.

மெரினாவுக்கு விடியற்காலை போங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு மேல். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும். பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சூடான கல்தரையில் வெறுங்காலோடு நிற்பானேன்? வண்டலூர் உயிரியல் பூங்கா பெரிய காடு. காலையில் திறந்தவுடன் போய்ப் பேட்டரி வண்டியில் சுற்றிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வெயிலில் திரும்புகிற குடும்பங்கள் எத்தனை!

தி.நகர் இல்லாமல் சென்னைப் பயணம் ஏது? மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023-இல் ஆகாய நடைபாலம் திறந்திருக்கிறார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமல் அதன் வழியாகவே போய்விடலாம். கடை திறக்கிற நேரத்துக்குப் போனால் கூட்டம் குறைவு. பெரிய ஜவுளிக்கடைகளில் கழிப்பறை உண்டு. விற்பனைப் பெண்ணிடம் தயங்காமல் கேளுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுக்கிறோம், இதைக் கேட்பதில் என்ன வெட்கம்? மெட்ரோ ரயில் நிலையங்களிலும் கழிப்பறை இருக்கிறது, உள்ளே குளுகுளு வசதியும் இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் செலவானாலும் பெரியவர்களோடு போகும்போது நான் மெட்ரோவைத்தான் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு

சென்னைக்கு வருகிறவர்களில் ஒரு பெரிய கூட்டம் வைத்தியத்துக்காக வருவது. சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் ராத்திரி பஸ்ஸில் வந்து காலையில் நேரே வரிசையில் நிற்பார்கள். சித்த வைத்தியத்துக்கு என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. தாம்பரத்துக்கு அடுத்த மின்சார ரயில் நிலையத்திலேயே இறங்கிவிடலாம்.

'வெறும் வயிற்றில் வர வேண்டும்' என்று சொல்லிவிட்டால் நம்மவர்கள் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை, கொழுப்பு ரத்தப் பரிசோதனைக்கு வெறும் தண்ணீர் குடிப்பதால் பொதுவாகத் தடையில்லை. வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொல்வதும் உண்டு. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற அறுவை சிகிச்சை, எண்டோஸ்கோபி என்றால் விஷயம் வேறு, சொன்ன மணியிலிருந்து சொன்னபடி நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே, "தண்ணீர் குடிக்கலாமா?" என்று சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நிற்பது இன்னும் பெரிய ஆபத்து.

இவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

பெரியவர் திடீரென்று மாறிப் பேசுகிறார், தள்ளாடுகிறார், அரை நாளாகச் சிறுநீரே போகவில்லை, போகும்போது எரிச்சலும் குளிர்காய்ச்சலும் இருக்கிறது, இவற்றில் எதுவானாலும் அன்றே மருத்துவமனை. வெயிலில் போய்வந்தவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து நினைவு தடுமாறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ கஷாயமோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். இந்த இடத்தில் என்னிடம் வராதீர்கள், எந்தச் சித்த வைத்தியரிடமும் போகாதீர்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டம் தட்டிப் போட்டுக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மாதுளந்தோல் கஷாயமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திரும்பும் பயணம்

ஊருக்குத் திரும்புகிற ராத்திரியையும் மறக்க வேண்டாம். மேல் படுக்கை கிடைத்தவர்கள் ஏறி இறங்கப் பயந்து, சாயங்காலத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். ரயிலில் 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகவோ இருவராகவோ போகும்போது முன்பதிவில் அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அம்பாசமுத்திரத்துப் பெரியவருக்கு மகன் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தார். கழிப்பறைக்குப் பக்கத்துப் பெட்டிக்கூண்டாகப் பார்த்து எடுக்கச் சொன்னது பெரியவரேதான்.